தனிச்சொல்

பேர்ணாம்பட்டு ஷூ கம்பெனியில்
இரண்டாம் மாடி, ஏ.சி. அறை எனக்கு.
கீழே மூவாயிரத்து இருநூறு பெண்கள் தைக்கிறார்கள்.
மேலே அவர்கள் எண்களாக ஏறி வருகிறார்கள்.

விரல் வைத்த நேரம், பஸ் ஏறிய நிறுத்தம்,
கேன்டீன் அட்டையில் தேய்த்த எலுமிச்சை சாதம்,
கழிவறைக் கதவு மூடித் திறந்த நிமிடங்கள்,
ஒரு ஜோடி மேல்தோலுக்கு எத்தனை முறை ஊசி இறங்கியது.
தரவு என்றால் தரப்பட்டது என்றுதானே பொருள்?
தந்தவளைக் கேட்டார்களா என்பதற்கு
ஒரு கட்டமும் இல்லை.

குடியாத்தம் பள்ளியில் தமிழ் மிஸ் நடத்தியது
பாதி நினைவிருக்கிறது.
கலிப்பாவுக்கு முதலில் தரவு,
அப்புறம் தாழிசை,
அப்புறம் தனியாக நிற்கும் ஒரு சொல்.
இங்கே தரவுக்குப் பின் தரவு,
அதற்குப் பின்னும் தரவு.
பெங்களூர் சர்வர்
இன்னும் கொண்டா என்கிறது.

மார்ச்சில் மிஷின் ஒன்றைக் கண்டுபிடித்தது.
ஏழாம் நம்பர் பஸ்ஸில்
ஒன்பது நாளைக்கு ஒருமுறை
பத்தில் நாலு பேர் வருவதில்லை.
பண்டிகை இல்லை, முகூர்த்தம் இல்லை,
சம்பளத்துக்கு மறுநாளும் இல்லை.
திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது,
ரம்பப் பல் மாதிரி ஒரே சீராக.
ஃபர்ஹத் சார் பேனாவால் மேஜையைத் தட்டி
'காரணம்?' என்றார்.

அந்தக் கட்டம் காலி.
எப்போது, எத்தனை, எவ்வளவு நஷ்டம்,
எல்லாம் மிஷினுக்குத் தெரியும்.
நான் படியிறங்கிப் போய்க் கேட்டேன்.
கெங்காம்பாள் பசைக் கையோடு சிரித்தாள்.
'இன்னா மேடம், அன்னிக்குத்தான தண்ணி வுடறான்.
காலைல ரெண்டு மணி நேரம்.
நான் இங்க வந்துட்டா கொடத்த யாரு புடிக்கிறது?'

ஏறி வந்து அடித்தேன்:

தண்ணீர்.

நல்லது செய்ததாக நினைத்தேன்.
டேங்கர் லாரி அனுப்புவார்கள், இல்லாவிட்டால்
அன்று மட்டும் பஸ் பிந்திக் கிளம்பும்.
கணக்குகூடப் போட்டு வைத்திருந்தேன்,
லாரிக்கு இவ்வளவு, நின்றுபோன பெல்ட்டுக்கு இவ்வளவு.
லாரிதான் லாபம்.

என் கணக்கை யாரும் கேட்கவில்லை.
மிஷின் ஊர் ஊராகக் குழாய் திறக்கும் நாளைச் சேர்த்தது.
ஜூனில் புது ஆள் எடுத்தோம்,
ஒரு லைனில் ஓர் ஊருக்கு இரண்டு பேர் மட்டும்.
ஒன்பது நாளுக்கும் ஊர்களைக் கலந்துவிட்டால்
தினமும் யாரோ கொஞ்சம் பேர் வரமாட்டார்கள்,
யார் என்று கேட்கத் தேவையில்லை.
ரம்பம் மழுங்கியது.
ஏழாம் நம்பர் பஸ் பாதி காலியாக வருகிறது.
பெங்களூரில் ஸ்லைடு போட்டுக் கைதட்டினார்களாம்.
கடைசி ஸ்லைடில், பொடி எழுத்தில், என் பெயர்.

கெங்காம்பாளை எடுக்கவில்லை.
பதினோரு வருடப் பசையில் அவள் ரேகை தேய்ந்துவிட்டது.
காலையில் கட்டைவிரலை வைப்பாள்,
சிவப்பு விளக்கு, மறுபடி வை என்கிறது.
புடவையில் துடைத்து வைப்பாள்.
நாக்கில் ஈரம் தொட்டு வைப்பாள்.
பின்னால் வரிசை முணுமுணுக்கும்.
அவள் வரியில் தினமும் விழுகிறது:
தாமதம், ஆறு நிமிடம்.
காரணம்.
இந்த முறை நான் எதையும் அடிக்கவில்லை.
காலியையும் அது ஏதாவது செய்யும்,
தெரியும்.

நேற்று எங்கள் தெருவில் தண்ணீர் விட்டார்கள்.
மூன்று டிரம் நிரப்பிவிட்டு ஓடி வந்தேன்,
கை இன்னும் ஈரம்,
இருபது நிமிடம் லேட்.
விரலை வைத்தேன்.
முதல் தடவையே
பச்சை.